நாலரை முதல் ஆறு வரை

கால்பந்தையும் கல்வியையும் சேர்த்து நடத்தும் தொண்டுப் பணி நீலகிரியில் சமதளம் தேடுவதில் தொடங்குகிறது. முழு அளவு மைதானத்துக்கு நீளம் குறைந்தது 90 மீட்டராவது வேண்டும், அகலம் 45 மீட்டராவது வேண்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் அவ்வளவு தட்டையான நிலம் எங்காவது இருந்தால், அதில் ஏற்கெனவே தேயிலைத் தொழிற்சாலையோ பேருந்து நிலையமோ கேரட் தோட்டமோ வந்திருக்கும். ஊட்டியில் எச்.ஏ.டி.பி. திறந்தவெளி மைதானம், கோத்தகிரியில் காந்தி மைதானம், வெலிங்டனில் ராணுவத்தின் மைதானங்கள், பழைய உறைவிடப் பள்ளிகளின் புல்தரைகள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இவற்றில் எஸ்டேட் பிள்ளைகள் கேட்டவுடன் இறங்கி விளையாடக்கூடியவை இன்னும் குறைவு.

மிச்சமிருப்பது எஸ்டேட் கிரவுண்ட். தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குக் கீழேயோ தொழிற்சாலைக்குப் பின்னாலோ சரிவை வெட்டிச் சமன்படுத்திய செம்மண் திட்டு அது. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம். பள்ளத்தில் தேயிலை. கவாத்து செய்து சில மாதங்களே ஆன செடிக்குள் பந்து போனால், எடுக்கப் போகிற பையனின் முழங்கால் கீறிக்கொண்டுதான் திரும்பும். அதனால் இந்த மைதானங்களில் முதலில் வாங்க வேண்டியது கோல் வலை இல்லை, பள்ளத்தை ஒட்டிக் கட்டும் தடுப்பு வலை. பழைய மீன்வலை போதும். வலை கட்டாத இடங்களில் பிள்ளைகள் தாங்களே ஒரு சட்டம் வைத்திருப்பார்கள்: கீழே அடித்தவன் இறங்கி எடுத்து வர வேண்டும். நன்கொடையாளர்கள் படம் எடுக்க வரும்போது புது ஜெர்சியைத்தான் கேட்பார்கள். வலையை யாரும் படம் எடுப்பதில்லை.

இடம் குறுகலாக இருப்பதால் பதினொருவர் ஆட்டம் இங்கே அபூர்வம். ஐந்து பேர், ஏழு பேர் ஆட்டமே வழக்கம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாடுகாணி வழியாக இறங்கினால் நிலம்பூர், மலப்புறம், மேற்கே வயநாடு. மலபாரின் ‘செவன்ஸ்’ மோகம் எல்லை தாண்டி இங்கேயும் ஊறியிருக்கிறது. ஏழு பேர் ஆட்டத்தில் ஒருவனுக்குப் பந்து அடிக்கடி கிடைக்கும். வேகமும் ஒற்றைக்கு ஒற்றை தைரியமும் வளரும். ஆனால் இடம் விட்டு நிற்பது, பக்கவாட்டில் அகலம் தேடுவது, நாற்பது மீட்டருக்கு அப்பால் இருப்பவனைத் தலைநிமிர்ந்து பார்ப்பது ஆகியவை வராது. எஸ்டேட்டில் நட்சத்திரமாக இருந்த பையன் கோவையில் முழு மைதானத்தில் இறங்கியதும் பத்தே நிமிடத்தில் தொலைந்துபோவதற்குக் காரணம் இது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது பெரிய மைதானம் ஒன்றை இரவல் வாங்கி ஆடவிட்டால் இந்தக் குறை பெருமளவு தீரும். அதற்கான வேன் வாடகையைத் திட்டத்தில் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. பிறகு எழுத இடம் இருக்காது.

நீலகிரிக்குக் கால்பந்து புதிதும் அல்ல, சின்னதும் அல்ல. வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், ஹைதராபாத் சிட்டி போலீஸ் ஆகிய அணிகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. அந்த ராணுவ அணியில் முன்கள வீரராகச் சேர்ந்து கோல் கீப்பராக மாறியவர் பீட்டர் தங்கராஜ். 1956 மெல்பர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளிலும், 1962-ல் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற ஆசிய விளையாட்டு அணியிலும் இருந்தார். உயரமான பையன்கள் கோல் போஸ்ட்டில் நிற்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அப்போது இந்தக் கதை உதவும். ஆனாலும் இந்த மலையில் அந்த மரபு பட்டாளத்துக்குள்ளும் கட்டணப் பள்ளிகளுக்குள்ளும் தங்கிவிட்டது; தேயிலைத் தோட்டத்துக்குள் அமைப்பாக இறங்கவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் யார் என்பதைச் சொல்லாமல் இந்தப் பணியைச் சொல்ல முடியாது. ஒரு பகுதியினர், 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழரின் மூன்றாம், நான்காம் தலைமுறை. அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னாளில் டான்டீ ஆனது. இன்னொரு பகுதியினர் கூடலூர்ப் பக்கத்துப் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர். ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலிருந்து சிறு விவசாயிகளின் பிள்ளைகளும் வருவார்கள். அண்மைக் காலத்தில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் கொழுந்து பறிக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளித் தமிழே புது மொழி. ஒரே அணியில் நான்கு வீட்டு மொழிகள் பேசப்படுவது இங்கே சாதாரணம்.

1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் கல்வி வசதி செய்ய வேண்டும் என்று எழுதிவைத்தது. பல தோட்டங்களில் ஐந்தாம் வகுப்புவரை பள்ளி வந்தது அதன் பலன். ஆறாம் வகுப்புக்கு பஸ் ஏற வேண்டும். பிள்ளை கைநழுவத் தொடங்குவதும் அங்கேதான். காலை பஸ் ஒன்று, அதை விட்டால் அன்று பள்ளி இல்லை. கோடை சீசனில் ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா வண்டிகள் மலைப்பாதையை அடைத்துவிட்டால் தேர்வுக்குக்கூட நேரத்தில் போய்ச் சேர முடியாது. மழை விட்டு கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் தாய் கூடுதல் நேரம் பறிப்பார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நிற்பாள். ஏழாம் வகுப்பில் வாரம் ஒரு நாள் நின்றவள் எட்டாம் வகுப்பில் மூன்று நாள் நிற்பாள். கால்பந்துத் தொண்டு அமைப்பு கவனம் வைக்க வேண்டிய வயது ஆகவே 11 முதல் 15. ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பந்து கொடுத்துக் கணக்கில் எண்ணிக்கை காட்டுவது எளிது. ஆனால் அந்த வயதில் அவர்கள் எப்படியும் பள்ளியில்தான் இருக்கிறார்கள்.

அன்றாட வேலை முழுவதும் ஒன்றரை மணி நேரத்துக்குள் நடக்க வேண்டியது. பள்ளி பஸ் நாலேகாலுக்கு மேல் வரும். தாய் கொழுந்து எடை போட்டு வீடு சேர ஐந்தரை, சில நாள் ஆறு. இந்த இடைவெளியில் வீட்டில் யாரும் இல்லை. ஆறு மணிக்குமேல் மைதானத்தில் இருக்க முடியாது. குன்னூர், கோத்தகிரியில் காட்டெருமை லைன் வீட்டு வாசலுக்கே வருகிறது. பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் யானை. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே எஸ்டேட் பகுதியில் சிறுத்தை தாக்கிக் குழந்தை இறந்தபின், இருட்டுவதற்கு முன் பிள்ளைகளைக் கூட்டமாக வீடு சேர்ப்பது பயிற்சியாளரின் முதல் பொறுப்பாகிவிட்டது. கடைசிப் பிள்ளை வீடு சேர்ந்ததை நோட்டில் குறித்த பிறகே அன்றைய வேலை முடியும்.

இந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிரிப்பதில்தான் தொழில் திறமை தெரியும். முதல் பத்து நிமிடம் சாப்பாடு. பள்ளியில் மதியம் சாப்பிட்ட பிள்ளைக்கு நாலரை மணிக்கு வயிறு காலி. வெறும் வயிற்றோடு ஓடவிட்டால் குளிரில் தலைசுற்றும். சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, வாரம் இரண்டு நாள் முட்டை. பந்து, கோன், ஜெர்சி எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிகம் செலவாகும். பிறகு முக்கால் மணி நேரம் ஆட்டம். கடைசி அரை மணி பாடம். ஆட்டத்துக்கு முன்பே பாடத்தை வைத்தால் பாதிப் பேர் தாமதமாக வருவார்கள். பாடத்தைத் தனி அறையில் வைத்தால் வழியிலேயே கலைந்துவிடுவார்கள். மைதானத்து ஓரத்திலேயே, வியர்வை உலர்வதற்குள், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வட்டமாக உட்காரவைத்துத் தொடங்கினால் நடக்கும்.

அங்கே என்ன சொல்லித் தருவது? பள்ளிப் பாடத்தையே மறுபடி நடத்துவதில் பயனில்லை. அதில் தோற்ற களைப்போடுதான் பிள்ளை வந்திருக்கிறது. ஆட்டமே பாடத்தைத் தரும். நான்கு அணி லீக் என்றால் எத்தனை ஆட்டம் என்று கேட்டால், எட்டு என்பார்கள், பன்னிரண்டு என்பார்கள். கடைசியில் குச்சியால் மண்ணில் கோடு போட்டு ஆறு என்று கண்டுபிடிப்பார்கள். புள்ளிப் பட்டியலை அவர்களே எழுத வேண்டும். போட்ட கோல் மூன்று, வாங்கியது ஐந்து, வித்தியாசம் கழித்தல் இரண்டு. ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் குறை எண்கள் புரியாத பையனுக்கு, தன் அணி கழித்தல் இரண்டில் நிற்பது நன்றாகப் புரியும். கழித்தல் ஐந்தைவிடக் கழித்தல் இரண்டு மேல் என்று மற்ற அணிக்காரனோடு சண்டையே போடுவான்.

பந்தின் காற்றழுத்தமும் நல்ல பாடம். ஐந்தாம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். எடை 410 முதல் 450 கிராம். மேட்டுப்பாளையத்தில் காற்றடித்த பந்தைச் சுமார் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அது இறுக வேண்டும். குளிர் உள்காற்றைச் சுருக்குவதால் தளரவும் வேண்டும். முதலாவதன் விளைவே பெரிது; பந்து சற்று இறுகியே இருக்கும். பிள்ளைகளிடம் முன்கூட்டிக் கேட்டுவிட்டு, அழுத்தமானியை ஊசியில் செருகிக் காட்டினால் வாய்பிளப்பார்கள். ஊட்டிக் காற்று கோவைக் காற்றைவிட ஏறத்தாழ 15 சதவீதம் அடர்த்தி குறைந்தது. அதனால் நீண்ட பாஸ் இங்கே கூடுதல் தூரம் போகும். அதே உதையைக் கோவையில் உதைத்தால் பந்து சற்று முன்னாலேயே விழும். மலைப் பிள்ளைகளுக்கு மூச்சு அதிகம், சமவெளிக்காரர்கள் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. 35 டிகிரி வெயிலில் இரண்டாம் பாதியில் முதலில் உட்காருவது மலைப் பிள்ளைகளே என்பதைக் கூடச் சென்றவர்கள் அறிவார்கள்.

வாசிப்புக்கு ஆட்டக் குறிப்பு போதும். ஒவ்வொரு நாளும் ஒருவர், நாலே வரியில், அன்றைய ஆட்டத்தை எழுதி மறுநாள் உரக்கப் படிக்க வேண்டும். தன் பெயர் வருகிறதா என்று எல்லோரும் காது கொடுப்பதால் எழுதியவர் தடுமாறினாலும் யாரும் கலையமாட்டார்கள். ஜார்க்கண்ட் பிள்ளை தன் மொழியில் சொல்ல, பக்கத்திலிருப்பவன் தமிழில் எழுதுவதும் உண்டு. கூடலூரில் ஆதிவாசிக் குழந்தைகளுக்காக நடந்துவரும் வித்யோதயா பள்ளி, சமூகத்திலிருந்தே ஆசிரியர்களை உருவாக்கிக் காட்டியது. மைதானத்துப் பாடத்துக்கும் அதே வழி பொருந்துகிறது: ப்ளஸ் டூ முடித்த எஸ்டேட் பெண் ஒருத்தி சொல்லித் தரும்போது, வெளியூர்ப் பட்டதாரியிடம் கேட்கக் கூசும் கேள்விகளைப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இந்தத் தொழிலில் எல்லோரும் மோதிக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. படிக்காதவனை ஆடவிடலாமா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை நீண்ட காலம் கையாண்டவர்கள் வடசென்னை வியாசர்பாடிக்காரர்கள். 1997-ல் தங்கராஜ், உமாபதி ஆகியோர் தொடங்கிய அமைப்பின் பெயரிலேயே குடிசைப் பகுதிக் குழந்தைகளின் விளையாட்டும் கல்வியும் சேர்ந்திருக்கின்றன. பள்ளிக்குப் போவதை வலியுறுத்துவது, மாலையில் பாடம், பிறகு பந்து என்று அங்கே ஒரு தலைமுறை வளர்ந்தது. வியாசர்பாடிக்காரரான தனபால் கணேஷ் 2018-ல் ஐ.எஸ்.எல். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக சென்னையின் எஃப்.சி.க்காக கோல் போட்டார். அந்த ஆண்டுக் கோப்பையும் அந்த அணிக்கே வந்தது. நாக்பூரில் 2001-ல் விஜய் பார்சே தொடங்கிய ஸ்லம் சாக்கரும் விளையாட்டைக் கொண்டு பிள்ளைகளை மீட்கும் இதே வழியைச் சேர்ந்தது. நைரோபியின் மத்தாரேயில் 1987 முதல் இயங்கும் இளைஞர் விளையாட்டுச் சங்கம் வேறொரு உத்தி கண்டது: குடியிருப்பைச் சுத்தம் செய்த அணிக்கு லீக் பட்டியலிலேயே புள்ளி.

வியாசர்பாடி வழி மலைக்கு அப்படியே ஏறாது. அங்கே பள்ளி நடக்கும் தூரத்தில் இருக்கிறது. வராதவன் பெரும்பாலும் வர விரும்பாதவன். இங்கே வராதவன் பஸ்ஸை விட்டவனாக இருக்கலாம், பாதையில் யானை நின்றிருக்கலாம், தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காரணம் கேட்காமல் அணியிலிருந்து நீக்கினால் அந்தப் பிள்ளைக்கு மிச்சமிருந்த ஒரே கயிறும் அறுந்துபோகும். வருகைப் பதிவைக் கேட்பது சரி. அது வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பதற்கான அழைப்பாக இருக்க வேண்டும். மதிப்பெண்ணைக் கேட்பது தவறு. 35 மதிப்பெண் எடுத்தால்தான் ஆட்டம் என்று விதி போட்ட அமைப்புகளில் ஓராண்டுக்குள் தேர்ச்சி விகிதம் பிரமாதமாக உயரும், ஏனென்றால் தோற்கக்கூடிய பிள்ளைகள் எல்லாம் போயிருப்பார்கள். ஆண்டறிக்கைக்கு அது அழகு. எந்தப் பிள்ளைகளுக்காகப் பணம் திரட்டினார்களோ அவர்கள் அதில் இல்லை.

பெண்கள் அணி தனிக் கதை. முதலில் ஆட வருபவர்கள் பத்து வயதுக்குக் கீழ், பூப்படைந்ததும் நிற்பார்கள். ‘வயசுக்கு வந்த புள்ள கால் தெரிய ஓடணுமா’ என்ற கேள்வி வீட்டிலிருந்தும் வரும், லைனிலிருந்தும் வரும். அரைக்கால் சட்டைக்கு உள்ளே லெகிங்ஸ் போடலாம் என்ற சிறு ஏற்பாடே பல வீடுகளில் வாசலைத் திறந்தது. ஒரு பெண் பயிற்சியாளர், கதவோடு கூடிய கழிப்பறை, வீடு வரை துணை என்ற மூன்றும் இல்லாமல் பெண்கள் அணி தொடங்குவது வீண். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது 2012-ல். அதற்குப் பிறகும் தனி ஆண் பயிற்சியாளரோடு சிறுமிகளை வேனில் வெளியூர் அனுப்பும் அமைப்புகள் இருப்பது வெட்கக்கேடு. ஜார்க்கண்டில் ராஞ்சி அருகே 2009-ல் தொடங்கிய யுவா அமைப்பு, கிராமத்துச் சிறுமிகளின் அணியைக் கட்டி, 2013-ல் ஸ்பெயினில் நடந்த போட்டியில் மூன்றாம் இடம் பெற்று, பிறகு தனிப் பள்ளியும் நடத்தி, 2019-ல் லாரியஸ் விருது வாங்கியது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு, பெண் பிள்ளை பந்து ஆடுவது தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரிகிற அளவு விபரீதமாகத் தெரிவதில்லை என்பது நீலகிரிக்குக் கிடைத்த எதிர்பாராத லாபம்.

கலப்பு அணிக்கு கொலம்பியாவின் மெடயின் நகரில் பிறந்த முறை உதவும். 1994-ல் கால்பந்து வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் கொல்லப்பட்டபின் அங்கே தொடங்கிய அமைதிக் கால்பந்தில் முதல் கோலைப் பெண் போட வேண்டும் என்று விதி வைத்தார்கள். நடுவர் கிடையாது, ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் இரு அணியும் உட்கார்ந்து பேசி விதியையும் நேர்மைப் புள்ளியையும் முடிவு செய்யும். எஸ்டேட்டில் இதை முயன்றால் முதல் வாரம் ஒரே கூச்சல். பையன்கள் பெண்ணுக்குப் பாஸ் கொடுத்தே ஆக வேண்டியிருப்பதால் மூன்றாம் வாரத்தில் அவளுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்கவும் தொடங்குவார்கள்.

பிறகு காகிதங்கள். பள்ளிப் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேர்க்கை நடக்கும். தேதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போயிற்று. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும், பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்களும் உண்டு. ஆனால் எந்தப் போட்டி, எந்த மட்டம், எத்தனையாவது இடம் என்பதைப் பொறுத்தே சான்றிதழுக்கு மதிப்பு. எஸ்டேட்டுகளுக்கு இடையிலான கோப்பையில் வாங்கிய பளபளப்பான சான்றிதழ் அங்கே செல்லாது என்பதைப் பெற்றோரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளியில் இன்னொரு தேதி, ஆதாரில் மூன்றாவது தேதி என்று இருக்கும் பிள்ளைகள் பலர். வயதுப் பிரிவுப் போட்டியில் அணி முழுவதும் தகுதி இழக்க இது ஒன்று போதும். ஆகவே ஆறாம் வகுப்பில் சேரும்போதே மூன்றையும் ஒப்பிட்டுத் திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிடுவது நல்ல பயிற்சியாளரின் வழக்கம். தாலுகா அலுவலகப் படியேறுவதும் இந்தத் தொழிலின் டிரில்தான்.

ஆண்டு நாள்காட்டியை வானம் எழுதும். ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை தேவாலா, பந்தலூர், கூடலூரில் தென்மேற்குப் பருவமழை மைதானத்தைக் குளமாக்கும்; 2019 ஆகஸ்ட் 8-ல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. அந்த மாதங்களில் அட்டைக்கு உப்பும், தொழிற்சாலைக் கொட்டகையில் பந்தைத் தட்டிக் கட்டுப்படுத்தும் பயிற்சியும், பாடத்துக்குக் கூடுதல் நேரமும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு மழைதான் சோதனை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுவதால் விடுமுறை நாளிலும் ஒன்பது மணிக்கு முன் புல்லில் கால் வைக்க முடியாது. மேகம் இறங்கி எதிர் கோல் போஸ்ட் மறைந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கு மீதி நேரம் முழுவதும் கணக்கு.

பயிற்சியாளரையும் எஸ்டேட்டிலிருந்தே உருவாக்கலாம். 18 வயது நிரம்பியவர்கள் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ் பயிற்சியில் சேரலாம். சமவெளியில் நடக்கும் அந்தப் பயிற்சிக்குப் பல நாள் தங்க வேண்டும். கட்டணத்தோடு கூலி இழப்பையும் அமைப்பு ஏற்றால்தான் எஸ்டேட் இளைஞர் போக முடியும். திரும்பி வந்தவருக்கு மதிப்பூதியம் என்ற பெயரில் சில ஆயிரம் கொடுத்தால் ஓராண்டில் திருப்பூருக்கோ கோவைக்கோ வேலைக்குப் போய்விடுவார். தோட்டக் கூலிக்குக் குறையாத சம்பளமும் மாதத்தில் நிச்சயமான தேதியும் வைத்த இடங்களில் அவர்கள் நிற்கிறார்கள். அப்படி நின்றவரிடம் வருகை நோட்டையும் அழுத்தமானியையும் கிரவுண்டு சாவியையும் ஒப்படைத்துவிட்டு, வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் அடுத்த எஸ்டேட்டில் சமதளம் பார்க்கப் போகலாம்.